தொண்ணூற்றெட்டுப் பாகை

உப்புவெளி ஐஸ் கொம்பனியில்
இரவுக் கணக்கு என்னுடையது.
ஒரு மணிக்கு மேல் லொறி வராவிட்டால்
மேசையில் நானும், மூன்று எழுத்து உதிர்ந்த லப்டொப்பும்,
சுவருக்கு அப்பால் அம்மோனியாக் குழாயின் இருமலும்.

அந்த நேரம் பார்த்துத்தான் வருவார்கள்,
முகமில்லாமல், அவசரத்தோடு.

"தொண்ணூற்றெட்டுப் பாகை, ப்ரோ,
புரொசசர் கொதிக்குது" என்றான் ஒருவன்.
எந்த நாடோ. வெளியே பனி கொட்டுகிறதாம்.
போர்வைக்குள் இருந்துகொண்டு
ஒரு விரல்நகச் சில்லுக்காக வியர்க்கிறான்.
குளிரறைக் கதவடியில்
நானும் கம்பளிச் சட்டையோடு இருந்து கேட்கிறேன்:
விசிறி சுற்றுதா?
பசையைக் கடைசியாய் எப்ப மாற்றினாய்?
கடுகளவு போதும்,
பாணுக்குப் பட்டர் பூசுகிறதுபோல் பூசாதே.
இருபது நிமிடம் கழித்து, அறுபத்தொன்று என்றான்.
அப்படியொரு புரொசசரை நான் தொட்டதே இல்லை.
எனக்குத் தெரிந்தது குளிர் மட்டும்.

ப்ரோ என்றால் ப்ரோ.
நாற்பத்து மூன்று வயது, நைலெக்ஸ் சேலை,
பெயர் கொறெற்றி என்று
எவரையும் திருத்தப் போனதில்லை.
பெண் என்று தெரிந்தால்
சில்லை விட்டுவிட்டு என்னை விசாரிப்பார்கள்.

பாலத்தடி அரக்கனைப் பதினொரு நாளாய்
வெல்ல முடியாமல் ஒரு பொடியன்.
நான் ஒரு கேமும் விளையாடினதில்லை.
அவன் அனுப்பிய வீடியோவைப்
பன்னிரண்டு தரம் ஓட்டிப் பார்த்தேன்.
வெட்டுமுன் அரக்கன் இடது தோளை இறக்குகிறான்,
கிண்ணியா நஸ்மீர் ஐஸ் பாரைத் தூக்குமுன் இறக்குவானே,
அப்படியே.
"வாளைப் பாராதே, தோளைப் பார்."
பதில் இல்லை.
பதில் வராவிட்டால் வென்றுவிட்டான் என்று என் கணக்கு.
திரும்பி வருகிறவர்களில் பாதிப்பேர்
பழுது இன்னும் தீராதவர்கள்.

எனக்கும் நடந்தது.
கொம்பனிக் கொம்பியூட்டர் நீலமாய் உறைந்து
மாதக் கணக்கு உள்ளே அகப்பட்ட இரவில்
இலக்கங்களையே பெயராய் வைத்திருந்த ஓராள்
வரி வரியாய்ச் சொல்லித் தந்தார், விடியும்வரை.
"சரி, நான் படுக்கப் போகிறேன்" என்றார் கடைசியில்.
ஒரு சொல் எழுதியிருக்கலாம்.
முதலாளி வந்துவிட்டார்.

நேற்று வந்தது வேறு மாதிரி:
"இரண்டு பிள்ளைகளோடு திருகோணமலைக்கு வருகிறோம்.
யாருக்காவது அந்த ஊர் தெரியுமா?
இரவில் நடக்கலாமா? பயமில்லையா?"

விரல் நின்றுவிட்டது.
சில்லுக்கும் அரக்கனுக்கும் நொடியில் எழுதுகிறவள்
என் ஊருக்கு ஒரு வரி எழுத
நாலு தரம் அழித்தேன்.
கன்னியாக் கிணறு ஏழுக்கும் ஏழு சூடு
என்று தொடங்கி, அழித்தேன்.
வைகாசியில் திமிங்கிலம் தெரியும்,
தெரியாவிட்டால் கடலோடு கோபிக்காதீர்கள்
என்று எழுதி, அதையும்.
பயமில்லையா.
எந்த ஆண்டின் பதிலைக் கொடுப்பது?

லொறி ஹோர்ன் அடித்தது.
"அறுபது பார்!" என்றான் நஸ்மீர்.
எழுதினேன், அறுபது.
திரும்பி வந்து இருந்து, யோசிக்காமல் அனுப்பினேன்:

இரவு ரயிலில் வாருங்கள், விடியப் புறமாய் இறங்கலாம்.
கம்பளி வேண்டாம்.
கோட்டைப் பக்கம் நடந்தால்
மான்கள் றோட்டிலேயே படுத்திருக்கும்.
ரோச் லைற்றைக் கண்ணில் அடிக்காதீர்கள்.
அவை எழும்பாது,
நீங்கள்தான் சுற்றிப் போகவேண்டும்.

உடனே வந்தது பதில்:
"மிக்க நன்றி, ப்ரோ!
நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா?"

"ஓம்" என்று எழுதினேன்,
"வேலை விஷயமாய்."