முந்நூற்று இருபது கிலோ

பல் மருத்துவமனையை மூடியபோது
காத்திருப்பறை மீன்தொட்டியை எனக்குத் தந்தார்கள்.
கண்ணாடி மட்டும். கால் கிடையாது.
இருநூற்று நாற்பது லிட்டர் தண்ணீர்,
கண்ணாடி, கூழாங்கல் எல்லாம் சேர்த்து
முந்நூற்று இருபது கிலோ.
கணக்கைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைத்தேன்.

தார்த்து நகரத்தின் கான்கிரீட் குடியிருப்பில்
ஐந்தாவது மாடி எனக்கு.
சுவருக்கு அப்பால் தும்மினால் கேட்கும்.
தும்மியவர் பெயர் தெரியாது.

பிப்ரவரி, மைனஸ் பதினொன்று.
பால்கனியில் பைன் சட்டம் அறுத்தேன்.
மரத்தூள் பனியின்மேல் விழுந்து
சலித்த மாவாய்க் கிடந்தது.
கையுறையோடு பென்சில் பிடிக்க வரவில்லை;
இரண்டு கோடுகள் அதனால் பொய்.

முதலில் செய்த சட்டகம் பார்க்க அழகு.
ஆனால் மேல்விளிம்பு முழுதும்
எட்டுத் திருகாணிகளை நம்பித் தொங்கியது.
திருகாணி பிடித்துக்கொள்ளத்தான், சுமக்க அல்ல.
மரத்தின் தலைமேல் மரம் உட்கார்ந்து
பாரம் நேராகத் தரைக்கு இறங்கவேண்டும்.
எட்டையும் கழற்றினேன்.
ஒன்று தலை மழுங்கி வர மறுத்தது.
அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது,
வேலையில்லாமல்.

இரண்டாவது சட்டகம் நின்ற மாலை
கதவைத் தட்டினாள் கீழ்வீட்டு ஊர்வே.
அறுக்கும் சத்தத்துக்குச் சண்டை என்று நினைத்தேன்.
"எவ்வளவு எடை?" என்றாள்.
சொன்னேன்.
என் தரையைப் பார்த்தாள்,
அவள் கூரையை.
"என் கட்டில் இதற்கு நேர் கீழே," என்றாள்.
"யாரையாவது உட்காரவைத்துப் பார்த்தாயா?"

எடை எந்திரத்தை அவளே கொண்டுவந்தாள்.
ஆட்களையும்.
முதல் மாடி எந்தெல், தொண்ணூற்றேழு.
ஊர்வே அறுபத்துநான்கு. நான் எழுபத்தொன்று.
எந்தெலின் குட்டைக்கால் நாய் ஒன்பது.
எதிர்வீட்டு ஸினயீதா எந்திரத்தில் ஏறவில்லை.
"இன்னும் எவ்வளவு வேண்டும்?"
எழுபத்தொன்பது.
"அதற்குக் குறையாது," என்று ஏறி உட்கார்ந்தார்.

நாற்பது சென்டிமீட்டர் அகலத்தில்
இருவர் ஜன்னல் பக்கம், இருவர் சுவர் பக்கம்,
முதுகோடு முதுகு.
நால்வருக்கும் கால் தரையில் எட்டவில்லை.
நாய் ஸினயீதாவின் மடியில்.
ஒரு முனகல் கேட்டது.
மரமா, எந்தெலா என்று
யாரும் கேட்கவில்லை.

பத்து நிமிடம் உட்காருவதாகப் பேச்சு.
பதினேழு ஆண்டுகளாய் ஒரே படிக்கட்டு;
நாலாவது நிமிடத்தில் ஊர்வே கேட்டாள்:
ஞாயிற்றுக்கிழமை அக்கார்டியன் வாசிப்பது யார்?
"நான்," என்றார் ஸினயீதா, சுவரைப் பார்த்தபடி.
"ஒரு இடத்தில் எப்போதும் தப்பாக வருகிறதே."
"தப்பில்லை. ஒரு கட்டை ஒட்டிக்கொள்கிறது."
எந்தெல் சொன்னார், கொண்டுவாருங்கள், பார்க்கிறேன்.
பிறகு பனி பெய்வதைப் பற்றி.
இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

ரசமட்டம் சரி என்றது.
தண்ணீர் அதைவிடக் கறார்.
பாதி நிறைந்ததும் இடது ஓரத்தில்
நான்கு மில்லிமீட்டர் உயர்ந்து நின்றது.
குற்றம் மரத்தில் இல்லை, மாடியில்;
எங்கள் கட்டடமே இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது.
இத்தனை காலமும் நான் சாய்ந்தே தூங்கியிருக்கிறேன்.
வாளி வாளியாய் இறைத்து,
இடப்பக்கக் கால்களுக்குக் கீழே
மிச்ச மரத்தில் சீவிய ஆப்புகள் செருகி,
மறுபடி ஊற்றினேன்.
நள்ளிரவுக்குமேல் தண்ணீர்
விளிம்போடு விளிம்பாய் ஓய்ந்தது.

மீன் இன்னும் இல்லை.
ஒரு மாதமாவது தண்ணீர் தனியே பழகவேண்டும்.
வெறும் தொட்டிக்கு விளக்குப் போட்டு
உட்கார்ந்திருக்கிறேன்.

கூரை சொட்டினால்
வெப்பக்குழாயில் மூன்று தட்டுவதாக
ஊர்வேயோடு ஏற்பாடு.
ஒன்றரை மணிக்குக் குழாய் ஒலித்தது.
மூச்சைப் பிடித்து எண்ணினேன்.
இரண்டு.

இரண்டுக்கு நாங்கள் எதுவும் பேசிவைக்கவில்லை.
கரண்டியை எடுத்து
நானும் இரண்டு தட்டினேன்.