நாற்பத்து மூன்று

ஏரிக்காற்று அடிக்கும் நாட்களில்
நகர மண்டபத்தின் கதவு இறுகிக்கொள்ளும்.
தோளால் இடிக்க வேண்டும்.
சாவி என்னிடம்.
பதினோரு ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில்
ஒன்று முதல் நான்கு வரை
நான்தான் இந்த ஊரின் கடந்த காலம்.

சிவப்பு மணற்கல். மாடியில் நகரசபை.
பக்கத்தில் தீயணைப்பு வண்டி நின்ற கொட்டகை.
அடித்தளத்தில், கொதிகலனுக்கும் கரிக்கிடங்குக்கும் நடுவே,
ஆறடிக்கு எட்டடி காவல் அறை.
செம்புச் சுரங்கம் மூடியபின்
இடிக்கக் காசில்லாமல் பிழைத்த கட்டடம்.
பலகையில் ‘பாதுகாக்கப்பட்டது’ என்று போட்டிருக்கிறோம்.

மாடியில் யாரும் அதிகம் நிற்பதில்லை:
தலைவரின் நாற்காலி, வாக்குப்பெட்டி,
யாரோ ஒரு பல் மருத்துவரின் கால்மிதி எந்திரம்
(எல்லா அருங்காட்சியகத்துக்கும் எப்படியோ ஒன்று வந்து சேர்ந்துவிடுகிறது).
எல்லோரும் கேட்பது கீழே.
அங்கே சுவரில் ஆணியால் கீறிய கோடுகள்,
அதன் அடியில் என் கையெழுத்தில் ஓர் அட்டை:
‘வேலைநிறுத்தக் குளிர்காலத்தில் அடைபட்ட
சுரங்கத் தொழிலாளி எண்ணிய நாட்கள்.’
எனக்கு முன்பிருந்தவர் சொன்னது.
அவருக்கு யார் சொன்னார்களோ.

அந்த அட்டை முன்னால் அழுதிருக்கிறார்கள்.
எய்லா கொர்ப்பி ஆண்டுதோறும் முதல் பனிக்கு முன்
எழுபது மைல் ஓட்டிக்கொண்டு வருவாள்.
பின்லாந்திலிருந்து வந்த அவள் பூட்டனை
அந்தக் குளிர்காலத்தில் பிடித்துப் போனார்கள்;
குடும்பத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
கையுறையைக் கழற்றி
உள்ளங்கையைச் சுவரில் வைப்பாள்.
‘தொடாதீர்கள்’ பலகையை
அன்றைக்கு மட்டும் திருப்பி வைத்துவிடுவேன்.

போன ஜூலையில் டெல்பர்ட் ட்ரெவாரோ வந்தார்.
எண்பத்தொரு வயது. மூக்கில் ஆக்சிஜன் குழாய்.
அட்டையைப் படித்தார். சிரித்தார். வெகுநேரம் இருமினார்.
“இது நான் போட்டது.
அப்பா இங்கே கொதிகலன் பார்த்தார்.
அவருக்கு எழுத்து வராது.
கரிமூட்டை இறங்க இறங்க நான் ஒவ்வொரு கோடாக இழுத்தேன்.
எனக்கு ஏழு வயது.
நாற்பத்து மூன்று மூட்டை.
கடைக்காரன் ரசீதில் நாற்பத்தாறு.”

அப்பா தொப்பியைக் கையில் பிடித்தபடி
மாடிக்குப் போனாராம்.
வந்து எண்ணிப் பாருங்கள் என்றாராம்.
பதினான்கு படிகள்.
ஒருவரும் இறங்கவில்லை.
மூன்று மூட்டைக் காசைச் சம்பளத்தில் பிடித்தார்கள்.

குழு கூடியது. காப்பி, ஏலக்காய் ரொட்டி.
கரிமூட்டையைப் பார்க்க யார் இரண்டு டாலர் கொடுப்பார்
என்றார் பொருளாளர். கூரை வேறு ஒழுகுகிறது.
டெல்பர்ட்டின் ஞாபகத்தைச் சந்தேகித்தார் ஒருவர்,
மற்றவர்களுடைய ஞாபகத்தைச் சந்தேகிக்காதவர்.
நான்குக்கு மூன்று: அட்டை இருக்கட்டும்.
அந்த நான்கில் நானும் ஒருத்தி.

அக்டோபரில் எய்லா வந்தாள்.
வழக்கம்போல் பலகையைத் திருப்பினேன்.
வழக்கம்போல் கையுறையைக் கழற்றினாள்.
உள்ளங்கை சுவரைத் தொடுவதற்குள்
சொல்லிவிட்டேன்,
ஆணி, மூட்டை, பதினான்கு படி எல்லாவற்றையும்,
மூச்சு விடாமல், திருடியவள்போல.

கை அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது.
திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
பிறகு அதே இடத்தில் வைத்தாள்.
“ஒரு மூட்டை என்ன விலை, அப்போது?”

தெரியவில்லை.
பதினோரு ஆண்டில் யாரும் கேட்டதில்லை.
மாடியில் ரசீதுக் கட்டுகள் இருக்கின்றன,
எலி தின்றது போக.
தலைவரின் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள்,
உட்காரக் கூடாதுதான்.
நான் தரையில்.
குதிரைத் தீவனம், விளக்கெண்ணெய், கொடித்துணி மூன்று கெஜம்,
செத்த நாயை அப்புறப்படுத்தியதற்கு இருபத்தைந்து காசு.
கரி இன்னும் வரவில்லை.

நான்கு அடித்தது.
கீழே கதவை யாரோ இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.
அடுத்த கட்டின் சணல் முடிச்சை
அவள் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.