முப்பத்தேழரை

வீட்டுத் தெர்மாமீட்டரில் நூற்றியொன்று.
பள்ளிக் கேட்டில் அதுவே முப்பத்தெட்டு சொச்சம்.
உடம்பு ஒன்றுதான். நடுவில்
துரைப்பாக்கம் சிக்னலும் தேங்கிய மழைத்தண்ணீரும்.

முப்பத்தேழரையைத் தாண்டினால் உள்ளே விடமாட்டார்கள்.
ஆறரைக்கே ஒரு டோலோ.
ஷேர் ஆட்டோவில் கம்பியில் தலைசாய்த்து
நெற்றியை ஐப்பசிக் காற்றுக்குக் கொடுத்தபடி வந்தேன்.
ஏகாம்பரம் துப்பாக்கியை நீட்டினார்.
"முப்பத்தாறு ஒம்போது. போங்க டீச்சர்."
பொய் சொன்னது நானில்லை, மாத்திரை.

பெருங்குடியில் பிறந்தவள் நான்.
எங்கள் மொட்டைமாடியில் நின்றால்
இந்தப் பள்ளியின் தண்ணீர்த்தொட்டி தெரியும்.
ஆனாலும் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே
ஐந்து கஞ்சி எழுத்துகள்:
அயல்நாட்டு ஆசிரியர்.
செருப்பைக் கழற்றி உள்செருப்பு மாட்டும்
அந்த ஒற்றைப் படியில்
தினமும் ஒரு கடல் கடக்கிறேன்.

ஒப்பந்தத்தில் மருத்துவ விடுப்பென்று ஒரு வரி இல்லை.
இருந்திருந்தாலும் கேட்டிருப்பேனா?
கடைவாய்ப் பல் பிடுங்கிய மறுநாள்
வீங்கிய கன்னத்தோடு உகாய் சார்
பின்னக் கணக்கு நடத்தியதைப் பார்த்தவள்.

மூன்றாம் பீரியடில் மாத்திரை என்னைக் கைவிட்டது.
ஏசி ஓடுகிறது, காற்றோட்டத்துக்கென்று ஜன்னலும் திறந்திருக்கிறது,
எனக்குள் ஒரு அடுப்பு, அதற்குள் ஒரு ஐஸ்பெட்டி.
ஆங்கில வகுப்பு. வானிலை பற்றிய பாடம்.
இன்று வெயிலா, மழையா? கேட்டேன்.
பதினொரு பிள்ளைகளும் பேசாமல் பார்த்தார்கள்.
பிறகுதான் உறைத்தது,
நான் தமிழில் கேட்டிருக்கிறேன்.

சுமிரே மட்டும் கை தூக்கினாள்.
இரண்டு வருஷமாக டிரைவர் தணிகைவேலுவோடு
முன்சீட்டில் வருகிறவள்.
"மள," என்றாள்,
அசல் சென்னைக்காரி மாதிரி.
திருத்தத் தெம்பில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

துணைத் தலைமையாசிரியை நிஷிமுரா வந்தார்.
மனப்பாடமாய் வைத்திருந்த மன்னிப்பைச் சொன்னேன்.
அதில் மெய்வாகு என்றொரு சொல் வரும்.
அவர்களுக்கு அது தொந்தரவு.
என் காய்ச்சல் காதில் அது பிரிந்தது:
மெய். வாகு.
உடம்பொன்றைத் தூக்கிக்கொண்டு
வேலைக்கு வந்ததற்கு மன்னியுங்கள்.
அவர் என்னைவிடத் தாழக் குனிந்தார்.
நான் பிடித்த கதவுக் கைப்பிடியை
இரண்டு முறை மருந்தால் துடைத்தார்.
குனிந்தது நிஜம். துடைத்ததும் நிஜம்.

ஏகாம்பரம் ஆட்டோ பிடித்துத் தந்தார்.
"காலையிலயே கண்ணு செவந்துதான் இருந்துச்சு டீச்சர்,
மிஷின் சொன்னத நான் சொன்னேன்."

டெங்கு இல்லை என்றார்கள். அப்புறம்
இருக்கலாம் என்றார்கள்.
தட்டணுக்கள் தொண்ணூறாயிரம்.
படுக்கையில் கிடந்து
இரண்டு அளவுகளிலும் என்னை மாற்றி மாற்றி எண்ணினேன்.
ஒன்றில் சாகக் கிடந்தேன்,
மற்றதில் லேசாய்ச் சுட்டது.

ஏழாம் நாள் ஒரு உறை வந்தது. பதினொரு படங்கள்.
அல்லி என்ற என் பெயர் அவர்கள் வாயில் அரி.
அரி என்றால் அங்கே எறும்பு.
அதனால் பதினொரு எறும்புகள்:
போர்வைக்குள், குடைக்குள், முகக்கவசத்துக்குள்.
சுமிரேயின் எறும்புக்கு
ஆறு காலுக்கும் உள்செருப்பு,
நெற்றியில் ஈரத்துணி,
பக்கத்தில் மஞ்சள் ஆட்டோ.

அதே உறையில் சம்பளச் சீட்டு.
பிடித்தம்: ஆறரை நாள்.
அந்த அரை நாள் எது என்று
வெகுநேரம் யோசித்தேன்.
அவள் 'மள' என்று சொன்ன நொடி
அரைக்கு இந்தப் பக்கமா,
அந்தப் பக்கமா?
வெளியே தூறிக்கொண்டிருந்தது.