மகஜரில் இல்லாத விளக்கு

டிட்லாகர் அமர்வு நீதிமன்றத்தில்
மின்விசிறியை மூன்றில் வைத்தால் கட்டு பறக்கும்,
இரண்டில் வைத்தால் நீதிபதிக்கு வியர்க்கும்.
பதினோரு வருடமாக இரண்டில் வைத்துத்தான்
தட்டச்சு செய்கிறேன்.

அ.சா. 2, சுகாந்தி மாஜி.
இறந்தவனின் மனைவி.
கூண்டில் ஏறும்போது செருப்பைக் கழற்றினாள்,
யாரும் சொல்லாமலே.

எத்தனை மணிக்கு வெட்டு விழுந்தது?
கோழிக்கு முந்தி என்றாள், கோசலி மொழியில்.
நீதிபதி கடலோரத்துக்காரர். என்னைப் பார்த்தார்.
'அதிகாலை சுமார் நான்கு மணி' என்று தட்டினேன்.
காவல் நிலையத்தில் ஓர் ஏட்டு
அதே கோழிக்கு
மூன்று மணி என்று எழுதியிருந்தார்.

குறுக்கு விசாரணையில் பாணிக்ராஹி
இரண்டு தாளையும் ஒட்டிப் பிடித்தார்.
மூன்றா, நான்கா?
கோழிக்கு முந்தி.
மூன்றா, நான்கா, அம்மா?
அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள்.
அதில் இரண்டு கண்ணாடி வளையல் தழும்பு.
'சாட்சி பதில் சொல்லாமல் நிற்கிறார்'
பதியச் சொன்னார்கள், பதிந்தேன்.

இருட்டில் முகம் எப்படித் தெரிந்தது?
அரிக்கேன் எரிந்தது.
எந்த அரிக்கேன்?
எங்கள் அரிக்கேன்.
பாணிக்ராஹி மகஜரை நிதானமாக வாசித்தார்,
மளிகைச் சீட்டைச் சரிபார்ப்பவர் போல:
ரத்தம் தோய்ந்த மண், ஒரு டப்பா.
சாதா மண், ஒரு டப்பா.
கிழிந்த துண்டு. கட்டில் கயிறு இரண்டு முழம்.
விளக்கு இல்லை.

கோடரி இருந்தது.
வைக்கோல் போரிலிருந்து
கேத்ரு பாகே எடுத்துக் கொடுத்தானாம்.
எடுத்ததைப் பார்த்தவர்கள் இருவர்.
டிகேஸ்வர் பிறழ்ந்தான்,
வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்றான்.
இன்னொருவன் தெலங்கானாவில் ஏதோ செங்கல் சூளையில்;
சம்மன் நான்கு முறை திரும்பி வந்தது.
கோடரியில் இருந்தது மனித ரத்தம்.
எந்த மனிதன் என்று ஆய்வகத்துக்குத் தெரியவில்லை.

தீர்ப்பை அறையில் சொல்லச் சொல்ல எழுதினேன்.
நீதிபதி கெட்டவர் இல்லை.
ஒரு பத்தியில் நின்றுவிட்டார், தேநீர் ஆடை கட்டியது.
அவள் பொய் சொல்வதாக எனக்குப் படவில்லை என்றார்.
இதை எழுதாதே என்றார்.
பிறகு சொன்னதை எழுதினேன்:
சங்கிலியில் ஒரு கண்ணி இல்லை.
சந்தேகம் எவ்வளவு பெருத்தாலும்
நிரூபணத்தின் நாற்காலியில் உட்கார முடியாது.
பலன் எதிரிக்கு.

மூன்று வருடம் ஏழு மாதம் உள்ளே இருந்த கேத்ரு பாக்
விடுதலை என்றது புரியாமல்
பழகிய கால்களோடு காவலர் வேனுக்கு நடந்தான்.
திருப்பி அனுப்பினார்கள்.
செய்தவன் முகமா, செய்யாதவன் முகமா?
எனக்கு இன்னும் அந்த எழுத்து
படிக்க வரவில்லை.

சாயங்காலம் சாட்சிகளின் பெஞ்சில் சுகாந்தி.
மடியில் சாக்குப் பை.
ஒவ்வொரு வாய்தாவுக்கும் அது வரும்.
சோறு என்று நினைத்திருந்தேன்.
முடிச்சை அவிழ்த்தாள்.
அரிக்கேன்.
யாரும் கேட்கவில்லையே என்றாள்.

கையில் வாங்கிப் பார்த்தேன்.
அடியில் துரு, பிடியில் கம்பிச் சுற்று,
கருகிய திரி.
கண்ணாடி மட்டும் புதுசு,
பாதி உரிந்த விலைச் சீட்டோடு. அறுபது ரூபாய்.

பழையது அன்றிரவு உடைந்ததா,
அதற்கும் முந்தியா?
கண்ணாடி இல்லாத சுடர்
அந்தக் காற்றில் நின்றிருக்குமா?
கேட்கலாம்.
என் வாய்க்குள் பாணிக்ராஹி
கோட்டைச் சரிசெய்துகொண்டு எழுவது
எனக்கே தெரிந்தது.

திருப்பிக் கொடுத்தேன்.
அவள் சாக்கைக் கட்டிக்கொண்டே
காந்தாபாஞ்சி பஸ் எப்போது என்றாள்.
சுவரில் கடிகாரம் இருந்தது.
இருட்டுக்கு முந்தி
என்றேன்.