இரண்டு வெள்ளை

கிட்டமா, தூரமா என்று கேட்டார் டாக்டர் மாபாஸோ,
மீன் கடையில்
தலையா, நடுத்துண்டா என்பதுபோல.
இரண்டும் வேண்டுமென்றால் அதற்கும் லென்ஸ் இருக்கிறதாம்.
கண் ஒன்றுக்குப் பதினெட்டாயிரம் ராண்ட் கூடுதல்,
மெடிக்கல் எய்ட் தராது.
இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம்,
பழகிவிடும் என்றார்.
எதுதான் பழகவில்லை.

தூரம் என்றால்
ப்ளஃப் மேட்டிலிருந்து கப்பல்கள்,
பஸ்ஸின் நம்பர்,
எதிரே வருகிறவர் யாரென்று
அவர் கூப்பிடுமுன் தெரிவது.
கிட்டம் என்றால்
ஊசிக் காது, மாத்திரைச் சீட்டு,
அரிசியில் கல்,
என் கை.

தூரத்தை வாங்கு என்றார் வீட்டுக்காரர்.
இருபது வருடம் பஸ் ஓட்டியவர், வேறென்ன சொல்வார்.
மூன்றாவதை வாங்கு, பணம் நான் அனுப்புகிறேன் என்றாள்
ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து மகள்.
ஞாயிறு வரை யோசித்தேன்.
முப்பத்தொரு வருடம்
ஜேக்கப்ஸ் சட்டை ஃபேக்டரியில்
துணிக்கு நூல் பொருத்திப் பிழைத்தவள் நான்.
கப்பல்களோடு எனக்கென்ன பேச்சு.
கிட்டம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வலது கண் முதலில்.
தண்ணீருக்கடியில் மல்லாந்து கிடப்பதுபோல்
மேலே மூன்று வெளிச்சம் கலைந்து கலைந்து சேர்ந்தது.
டாக்டரும் நர்ஸும் ஜூலுவில்
யாருடைய கல்யாணத்தையோ பேசினார்கள்.
எத்தனை மாடு என்பதில் தகராறு,
எனக்குத் தெரிந்த ஜூலுவுக்கு அவ்வளவு எட்டியது.
மாட்டுக் கணக்கு தீருமுன்
என் கண் தீர்ந்துவிட்டது.

மறுநாள் கட்டை அவிழ்த்ததும்
எங்கள் ஃப்ரிஜ் வெள்ளையாக நின்றது.
கற்பூரப் புகை ஏறிவிட்டதென்று
வினிகர் போட்டு எத்தனை நாள் தேய்த்திருப்பேன்.
ஜன்னலில் வானம் நீலம்,
கடையில் புதிதாக வாங்கி மாட்டியதுபோல,
கொஞ்சம் அதிகப்படியாகவே நீலம்.
சிரித்தேன்.
பிறகுதான்
தையல் பெட்டியின் நினைவு வந்தது.

அதன் அடியில் ஆறு வருடமாக ஒரு நூல்கண்டு.
என் வெள்ளைக்குச் சாட்சி என்று எடுத்துவந்தது.
பள்ளிச் சட்டை நானூறு,
காலரில் நூல் தனியாகத் தெரிகிறதென்று
திருப்பி அனுப்பிவிட்டான் கடைக்காரன்.
அக்கா, இது சந்தன நிறம் என்று
இரண்டு முறை சொன்னாள் லோகாம்பாள்.
எனக்கா நிறம் சொல்லித் தருகிறாய் என்றேன்.
தைத்தாள்.

நான் எடுத்துக் கொடுத்தது வெள்ளை என்றேன் ஃபோர்மனிடம்.
அப்படியானால் மாற்றியது யார் என்றான்.
நான் பதில் சொல்லவில்லை.
அவள் பக்கம் திரும்பினேன்,
அவ்வளவுதான்.
இரண்டு வாரச் சம்பளம் பிடித்தார்கள்.
மூன்றாம் வாரம் அவள் மிஷின் முன்னால்
வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

கண்டை ஜன்னலோரம் கொண்டுபோனேன்.
சந்தனம்.
பழைய பல்லின் நிறம்.
வலது கண்ணைப் பொத்திக்கொண்டால் வெள்ளை,
சுத்த வெள்ளை, கோர்ட்டில் சத்தியம் செய்வேன்.
இடதைப் பொத்தினால் சந்தனம்.
வெள்ளை, சந்தனம், வெள்ளை.
காப்பி ஆறிவிட்டது என்று வீட்டுக்காரர் கத்தும்வரை
இடது கண் எனக்காக வாதாடிக்கொண்டே இருந்தது.

நம்பர் தேடிப் பிடிக்க நான்கு நாள்.
வெரூலத்தில் இருக்கிறாளாம், தம்பி வீட்டில்.
யாரு என்றாள்.
பேரைச் சொன்னேன்.
பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது,
யாரோ அதன் சத்தத்தைக் குறைத்தார்கள்.
எழுதி வைத்துப் படிக்க இருந்ததெல்லாம் விட்டு
கண்ணில் ஆபரேஷன் செய்துகொண்டேன்,
உனக்குக் கண்ணெல்லாம் எப்படி என்றேன்.

எனக்குக் கண்ணில்
என்றைக்கும் கோளாறு இல்லை அக்கா என்றாள்.
வைத்துவிட்டாள்.

இடது கண்ணுக்குத் தேதி பத்தொன்பது.
அதற்கும் கிட்டம்தானே என்று
ரிசப்ஷன் பெண் போனில் கேட்டாள்,
சிலர் ஒன்றை மட்டும் தூரத்துக்கு மாற்றிக்கொள்கிறார்களாம்.

எவ்வளவு தூரம் என்றேன்.
உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்றாள்.

வெரூலம் பஸ் வந்தால்
நம்பர் தெரிய வேண்டும்,
கை காட்டி நிறுத்துகிற தூரத்தில்.