ஹாரன் இல்லாத கை

ஞாயிறு. வேன் இன்று
வாசலில் மஞ்சளாய்த் தூங்குகிறது.

பும்போங் லீமா தாண்டி
தார்ச்சாலை தன்பாட்டுக்குத் திரும்பிப் போய்விட
நாங்கள் இருவரும் ஏறினோம்
ஆற்றோர மண்மேட்டில்.
முகப்பில் குறுக்கே ஓர் இரும்புக் குழாய்.
காருக்கு வழியில்லை. லாரிக்கு இல்லை.
சியூ பீ சைக்கிளைச் சாய்த்து நுழைத்துவிட்டாள்.
என்னுடையது ஹேண்டில் இடித்து நின்றது.
பதினான்கு வருஷம் பள்ளி வேன் ஓட்டியவள்
இரண்டடிச் சந்தில் மாட்டிக்கொண்டாயே
என்று மலாயில் சிரித்தாள்.

வலப்பக்கம் மூடா ஆறு,
பால் கூடிப்போன தேத்தண்ணி நிறம்.
அக்கரை கெடா, இக்கரை பினாங்கு.
கோட்டை எங்கே போட்டார்களென்று
ஆற்றுக்குத் தெரிந்ததாய்த் தெரியவில்லை.
இடப்பக்கம் அறுத்து முடித்த வயல்;
ஈரத்தில் மெஷின் சக்கரத்தின் பல் தடம்.

முதல் இரண்டு கிலோமீட்டர்
நான் ஓட்டியது சைக்கிளே அல்ல.
இல்லாத கண்ணாடியில் பின்னால் பார்த்தேன்.
வளைவுக்கு முன்னால் கை நீட்டி
எருமைக்குச் சிக்னல் காட்டினேன்.
கட்டைவிரல் ரப்பர் பிடியை
அழுத்தி அழுத்தி வந்தது.
சத்தம் வரவில்லை.
நடுவழியில் ஓர் உடும்பு
நாக்கை நீட்டி எங்களை விசாரித்துவிட்டு
தன் வேகத்தில் கடந்தது.
காத்திருந்தோம்.
பின்னாலிருந்து யாரும் திட்டவில்லை.

பம்ப் வீட்டுப் பக்கத்து வரப்பில்
கொக்குகள் இறங்கின.
எண்ணாமல் இருக்க முடியவில்லை எனக்கு.
மாக் மண்டினில் ஆறு பேர் ஏறுவார்கள்,
பாகான் ஆஜாமில் ஐந்து,
ஃபிளாட் வாசலில் ஏழு.
பதினெட்டுத் தலை.
இறக்கும்போது எண்ணுவேன்,
கதவைப் பூட்டும்போது எண்ணுவேன்,
இரவில் பல் விளக்கும்போதும்.
ஒரு முறை, ஒரே ஒரு முறை,
பதினேழு என்று வந்தது.
கடைசி இருக்கைக்குக் கீழே
பென்சில் தேடிக்கொண்டிருந்தாள் தர்ஷிகா.
நாற்பது நொடிதான்.
அது இன்னும் எனக்குள் எங்கோ
எஞ்சின் அணையாமல் நிற்கிறது.

கொக்கு பதினேழு.
மறுபடி எண்ணினேன்.
பதினேழு.
சியூ பீ கொஞ்ச தூரம் போய்
ஒற்றைக் கால் ஊன்றித் திரும்பிப் பார்த்தாள்.
இவற்றின் வீடு எனக்குத் தெரியாது.
எந்த அம்மாவும் கேட்டருகில் நின்று
மணி பார்த்துக்கொண்டிருக்கவில்லை.
ஒன்று எழும்பியது,
பின்னாலேயே எட்டு,
கணக்குக் கலைந்தது.
மிதித்தேன்.

ஜன்னலே இல்லாத சிமெண்டுக் கட்டடத்திலிருந்து
ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம்.
கூடு கட்ட வா வா என்று
நாள் முழுக்க அழைக்கும் டேப்.
உண்மைக் குருவிகள் அதன் தலைக்குமேல்
சும்மா சுற்றிக்கொண்டிருந்தன.

மதகில் பாதை அறுந்தது.
கம்பிக் கதவு, பூட்டு.
தூண்டிலோடு உட்கார்ந்திருந்த ரசாலி
எல்லாச் சட்டைப்பையையும் துழாவி
சாவி தன்னிடம் இல்லை என்றார்.
இருந்ததே இல்லையாம்,
ஆனால் எல்லோரும் தன்னிடமே கேட்கிறார்களாம்.
சைக்கிளைத் தூக்கி மேலே கொடுத்தோம்,
அந்தப் பக்கம் அவர் வாங்கி வைத்தார்.
என் முழங்காலில் துரு.

வெயில் உச்சிக்கு ஏறியபோது
கோலா மூடாவில் படகுகள் வந்திருந்தன.
அங்கே மீன் ஏலத்தைக் கூவுவதில்லை.
வாங்குகிறவர் விற்கிறவர் காதில்
விலையைக் கிசுகிசுக்க வேண்டும்.
அவ்வளவு பேர், அவ்வளவு மீன்,
எல்லோரும் ரகசியம் பேசும் சந்தை.

ஏறு, உட்காரு, பெல்ட்டு, கையை உள்ளே வை
என்று வாரம் முழுக்கக் கத்திக்
கரடுதட்டிய குரல் என்னுடையது.
கூடைக்காரர் காதைக் காட்டினார்.
உப்பும் வியர்வையும் வாசம் அடித்தது.
குனிந்தேன்.
என்ன விலை சொல்வதென்று தெரியவில்லை.
பதினெட்டு என்றேன்.

அவர் உடனே தலையாட்டிவிட்டார்.

கானாங்கெளுத்தி கேரியரில் சொட்டச் சொட்ட
திரும்பி மேட்டில் ஏறும்போது
சியூ பீ கேட்டாள், எவ்வளவு சொன்னாய்?
சொன்னேன்.
பத்து வெள்ளிக்கே தந்திருப்பான்
என்றாள்.