எந்த மணிக்கூடு?

சிங்கப்பூரில் குளிரூட்டிய ஏதோ ஓர் அறையில்
எங்கள் சேர்வர் ஓடுகிறது.
நான் அதைக் கண்டதில்லை.
கிளிநொச்சியில், தண்ணீர் இறைக்கும் மோட்டர் விற்கும் கடையின்
மேல்மாடியிலிருந்து அதற்குக் கட்டளை எழுதுகிறேன்.
கரண்ட் போனால் நான் நிற்பேன்,
அது நிற்காது.

வேலை சின்னது.
பழைய மகப்பேற்றுப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவது.
அமைப்புப் பக்கத்தில் நேரவலயப் பட்டியல் விரிந்தது:
ஆசியா, இன்னும் கீழே, கொழும்பு.
சேமி.
பச்சையாய் ஒரு சரி.
தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

மூன்றாம் நாள் கலைக்கோன் கோல் எடுத்தான்.
"அக்கா, நான் பதினாலாந் திகதி பிறந்தனான்.
உங்கட சிஸ்டம் பதின்மூண்டு எண்டுது.
கேக் வெட்ட இல்லை, பாஸ்போட்டுக்கு."

பதிவேட்டைப் புரட்டினேன்.
மல்லாவி. இரண்டாயிரத்தொன்று, ஆவணி.
இரவு பன்னிரண்டு பத்து.
ஆண். இரண்டு கிலோ அறுநூறு.
நீல மை. எழுத்தில் தூக்கக் கலக்கம் இல்லை.

கலக்கம் என்னுடையது.
கொழும்பு என்ற அந்தப் பெயருக்குள்
சில வருசம் ஆறு மணித்தியாலம் இருந்திருக்கிறது,
பிறகு பழையபடி ஐந்தரை.
மின்சாரம் மிச்சம் பிடிக்க அரசு முள்ளைத் தள்ளியது;
ஓமந்தைக்கு இந்தப் பக்கம் முள் அசையவில்லை.
வடக்கே வந்தால் அரை மணித்தியாலம் லாபம்,
தெற்கே போனால் நட்டம்.
ஏற்றும்போது சேர்வர் ஆறைக் கழித்திருக்கிறது.
காட்டும்போது, அவசரத்தில் கையால் எழுதிவைத்த ஐந்தரையை
நான் கூட்டியிருக்கிறேன்.
இடையில் விழுந்த அரை மணிக்குள்
ஒரு பிள்ளை
நேற்றைக்குப் போய்விட்டது.

பட்டியலில் வன்னி இல்லை.
விளாடிவொஸ்தொக் இருந்தது, வியந்தியான் இருந்தது.
மல்லாவிக்கு அச்சொட்டாய்ப் பொருந்தியது கல்கத்தா.
போட்டேன்.
கலைக்கோனுக்குப் பதினாலு திரும்பி வந்தது.

ஆனால் வவுனியாவில் பிறந்ததுகளும் அதே அட்டவணையில்தான்.
ஆகவே புதிதாய் ஒரு பெட்டி:
எந்த மணிக்கூடு?
பழைய நேரம். புதிய நேரம்.
கட்டாயம் நிரப்புக.

நிருத்திகா நாளுக்கு இருநூறு பதிவு தட்டுவாள்.
வெள்ளிக்கிழமை அவள் விரல்கள் நின்றன.
"இதுக்கு எதைப் போடுறது?"

இரண்டாயிரத்து மூன்று. பெண்.
பிறந்த இடம்: அம்புலன்ஸ்.
பக்கத்தில் சின்ன எழுத்தில், ஓமந்தை சூனியப் பிரதேசம்.
நேரம்: பின்னேரம் ஐந்து இருபது.
யாருடைய கைக்கடிகாரம் என்று எழுதவில்லை.
கிளிநொச்சியிலிருந்து ஏறிய மருத்துவிச்சியினதா,
வவுனியாவில் வீடுள்ள சாரதியினதா.

வெறுமையாய் விட்டுப் பார்த்தாள்.
படிவம் சிவந்தது:
இப்பெட்டி வெறுமையாக இருக்க முடியாது.

கீழே யாரோ ஒரு மோட்டரை ஓட்டிப் பார்த்தார்கள்.
மேசை அதிர்ந்தது, பிறகு அடங்கியது.

விதியை மாற்றினேன்.
வெறுமையாகவும் இருக்கலாம்.
சேமி.